இன்றைய தேதி

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை கிடையாது.

அவளை வீட்டில் பெரியவள் என்போம். ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் வேலை. வாய் வேகம், கை அதைவிட வேகம். பிறந்த தேதி தெரியாமல் யாராவது வந்து நின்றால், அந்தக் கட்டத்தில் இன்றைய தேதியைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். கூட்டத்தை அப்படித்தான் சமாளித்தாள்.

அன்றைக்கு அவளுக்கு அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் நோயாளி விவரத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். அதை எல்லா ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கும் புரிகிற ஒரே முறையில் அனுப்பப் பழக வேண்டும். சேர்ந்தார், மாற்றப்பட்டார், வீடு திரும்பினார், இறந்தார்... ஒவ்வொன்றும் ஒரு செய்தி. பயிற்சியாளர் கறாரான ஆள்.

"அனுப்பினா, அந்தப் பக்கத்துலேருந்து 'கிடைத்தது'ன்னு பதில் வரணும். அனுப்பினதை அழிக்க முடியாது. ஆள் தப்புன்னா, சரியான ஆள் யாருன்னு திருத்தம் அனுப்பலாம். விவரம் அரைகுறையா இருந்தா, இருக்கிறதுலேயே நல்லாப் பொருந்துற ஆளை அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரே எடுத்துக்கும். பழகறதுக்குக் கற்பனைப் பேரு மட்டும் போடுங்க!"

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பெரியவள் போகவில்லை. கற்பனைப் பெயர் யோசிக்கச் சோம்பல். லாரி ஓட்டும் தன் புருஷனின் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டாள். சேர்ந்தார். மாற்றப்பட்டார். தங்கையின் பிரசவத்துக்கு லீவு போடுவது பற்றிக் காலையில் அவர் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்ததை அனுப்பினாள்... இறந்தார்.

டிங்.

"கிடைத்தது. ஆள் இன்னும் வரவில்லை."

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். மேஜையைப் பார்த்தாள். அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயர் எதிலும் செருகாமல், சுருட்டிக் கட்டி ஓரமாகக் கிடந்தது.

போன் அடித்தது. புருஷன்.

"ஏய்... வண்டிய ஓரங்கட்டிட்டேன். நெஞ்சை அடைக்குது. பக்கத்து சீட்ல யாரோ உக்காந்திருக்காங்கடி."

"யாருங்க?"

"தெரியல. என் பேரு, பொறந்த தேதி எல்லாம் கேக்கறாங்க..."

"சொல்லாதீங்க!"

டிங்.

"ஆளைச் சரிபார்க்கிறோம்."

கீபோர்டை இழுத்தாள். திருத்தம் அனுப்ப வேண்டும். இவர் தப்பான ஆள். அப்படியானால் சரியான ஆள் யார்? யாரையும் காவு கொடுக்க மனசு வரவில்லை. 'பெயர் இல்லை' என்று அடித்தாள். பிறந்த தேதி கேட்டது. விரல்கள் பழக்கதோஷத்தில் இன்றைய தேதியைத் தட்டின.

டிங்.

"திருத்தம் கிடைத்தது."

போனில் மூச்சு வாங்கியது. "இறங்கிப் போயிட்டாங்க... இப்பப் பரவால்லடி."

பெரியவள் அழுதாள். சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

மணி இரண்டு பத்து.

டிங்.

"ஆள் வந்து சேர்ந்தார்."

ஒரு வருடம் கழித்து அவளே இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அவள் புருஷன் இன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வயிறு எரிகிறது.

அன்று காலையில், குறித்த நாளுக்கு முந்தியே, அவள் தங்கைக்கு வலி எடுத்தது. அதே ஆஸ்பத்திரி, இரண்டு மாடி மேலே. பயிற்சியைக் கெடுக்க வேண்டாம் என்று பெரியவளிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தை பிறந்து நன்றாக அழுதது.

பிறகு நிறுத்தியது.

டாக்டர்களுக்குக் காரணம் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் மட்டும் சொன்னார்கள். இரண்டு பத்து.

அதன் கையில் கட்டிய பட்டையில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. கீழே அன்றைய தேதி.

அந்தக் கையை அப்போது நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது நான் பெற்ற பிள்ளை.