கொயினாவுக்கு ஊர்ப்பங்கு

மலைச் சனங்கள் மருந்தைக் கண்டால் பயந்து ஓடுவார்களாமே என்று போன மாதம் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே கேட்டார். காப்பி வேறு கொடுத்திருந்தேன். குடித்ததைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் வாயை மட்டும் மூடச் சொன்னேன். கொல்லிமலையில் எங்கள் வாழவந்தி நாட்டில் யாரும் ஓடவில்லை. மருந்தைத் தின்றோம். எல்லோருமே தின்றோம். தொல்லையே அதனால்தான் வந்தது.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், புல் வேய்ந்த ஒரு கொட்டாய். வாத்தியார் ஒருவர்தான், அடிவாரத்துக்காரர். மழை ஓய்ந்ததும் காய்ச்சல் வரும். முதலில் பல் கிட்டிக்கும் குளிர், பிறகு கொதிக்கும் சூடு, பிறகு வேர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படி. பாதிப் பிள்ளைகளுக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி ஒரு கட்டி இருக்கும். எனக்கும் இருந்தது. யார் கட்டி பெரிது என்று தொட்டுப் பார்த்துச் சண்டை போடுவோம். செத்துப்போன பிள்ளைகளும் உண்டு. அதை உருக்கமாக எழுத எனக்குத் தெரியாது, எழுதவும் மாட்டேன்.

ஓடைக்கரையில் உட்காருவதால்தான் காய்ச்சல் வருகிறது என்று அப்பன் நினைத்தார். அது பாதி சரிதான். ஓடையில் கொசு கொழுத்துக் கிடந்தது. அந்த மழைக்குப் பிறகு நான் ஒருமுறை படுத்து எழுந்ததும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொருக்கா குளுரு கண்டுச்சுன்னா பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் கண்ணு. பேசாம தினைக்காட்டுல கிளி ஓட்டு."

பரண்மேல் உட்கார்ந்து நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டுவது ஒரு பிழைப்பா? எனக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொண்டிருந்தது. அது கரை சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் நான் கிளி ஓட்டுவதா? குளிர் வந்தால் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுகூடத் திட்டம் போட்டேன். கிட்டிக்கும் பல்லை எப்படி மறைப்பது?

பாதிக் கொட்டாய் காலியாகக் கிடப்பதைப் பார்த்து வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து ஒரு கம்பவுண்டரைப் பிடித்தார். வாராவாரம் சந்தை நாளில் அவர் மலையேறி வந்து பிள்ளைகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் நாட்டுக்குப் பட்டக்காரர் சொல்தான் சட்டம். அவரும் சரி என்றார்.

கம்பவுண்டர் ஒல்லியான மனிதர். அட்டை ஏறாமல் இருக்கக் கால் முழுக்கப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, அந்த நாற்றத்துக்கு அவரே மூக்கைச் சுளித்துக்கொண்டு வருவார். கொல்லிமலை ஏறுகிறவன் உயிரோடு இறங்க மாட்டான் என்று அவர் மனைவி ஒவ்வொரு வாரமும் அழுது வழியனுப்புவாளாம். வந்தவர் எங்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒரு வாரத்துக்கான கொயினா என்ற காய்ச்சல் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்.

"ஊட்டுல சோறு தின்னுட்டு தெனம் ஒண்ணு முழுங்கோணும். தெரிஞ்சுதா?"

தெரிந்தது. நான் பொட்டலத்தைக் கொண்டுபோய் அப்பன் கையில் கொடுத்தேன்.

எங்கள் ஊருக்குள் எது வந்தாலும் பங்கு உண்டு. காட்டுப்பன்றி விழுந்தால் அடித்தவனுக்கும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனுக்கும் ஒரே கூறுதான். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு இரண்டு கூறு. கூடப் போன நாய்க்கும் ஒரு கூறு உண்டு. இதில் யாரும் யோசிப்பது கிடையாது. அப்பனும் யோசிக்கவில்லை. மாத்திரைகளை அம்மியில் நுணுக்கிக் குண்டாவில் கரைத்தார். ஊரே வந்து ஆளுக்கொரு மடக்குக் குடித்தது. எனக்கும் ஒரு மடக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் இதே கதைதான். நாய் ஒரு நக்கு நக்கிவிட்டு ஓடைக்கு ஓடிப்போய் வாயை முக்கியது. மருந்தைக் கண்டு எங்கள் ஊரில் ஓடிய ஒரே ஆள் அதுதான்.

அடுத்த சந்தை நாளில் கம்பவுண்டர் வந்து பார்த்தபோது கட்டி எல்லாம் அப்படியே இருந்தது. இன்னும் சில பிள்ளைகள் புதிதாகப் படுத்திருந்தார்கள். அவருக்கு வந்த கோபத்தில் கண் சிவந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் பட்டக்காரரும் ஊரும் பள்ளிக்கூடத்து முன்னால் கூடிவிட்டார்கள்.

"நான் முட்டி தேய மலையேறி வாரேன், நீங்க மருந்தத் தூக்கி ஓடையில வீசறீங்களா?"

அப்பன் முன்னால் போனார். "வாயப் பாத்துப் பேசுங்க. ஒரு சொட்டு சிந்தல."

"சிந்தலியா? மாத்திரை எப்படீங்க சிந்தும்?"

பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை. "கரைச்சுப் பங்கு வெச்சோமுங்க. நாய்க்கும் குடுத்தோம்."

கம்பவுண்டர் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நாய்க்குமா?"

"அதுக்குப் புடிக்கலீங்க."

வாத்தியார் சிரிப்பை மறைக்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கம்பவுண்டர் தலையைப் பிடித்துக்கொண்டு பட்டக்காரரிடம் சொன்னார். "ஒரு ஆளுக்கு உண்டானத ஊரே நக்குனா ஒருத்தருக்கும் கேக்காதுங்க கவுண்டரே. புள்ளைங்க மட்டுந்தான் திங்கோணும்."

பட்டக்காரர் முகம் இறுகியது. "ஊரு பாத்துக்கிட்டிருக்க ஒருத்தர் மட்டும் திங்கறதா? அந்தப் பழக்கம் எங்க நாட்டுல இல்லீங்க."

"இது என்ன கறியா? மருந்துங்க!"

"ஊருக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப எனக்கு இங்க வேலையில்லீங்க" என்று கம்பவுண்டர் பெட்டியை மூடினார். அப்பன் என் கையைப் பிடித்தார். "வா கண்ணு, போலாம். உனக்கும் இங்க வேலையில்ல." அவ்வளவுதான், பரணும் தகரமும்தான் இனி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு கத்தினேன்.

"நீங்க காட்டுல ஈரல மட்டும் சுட்டுத் தின்னுட்டு வாரீங்களே, அதுக்கு ஏது பங்கு? எங்களுக்கு ஒரு துண்டு குடுத்திருக்கீங்களா?"

அது என் பழைய ஆத்திரம். பன்றியை ஊருக்குத் தூக்கி வருமுன் வேட்டைக்காரர்கள் ஈரலைச் சுட்டுத் தின்றுவிட்டு வருவார்கள். அங்கே இருந்தவர்கள் தின்பார்கள், அது பங்கில் சேராது. பெண்டு பிள்ளைகளுக்கு வாசம்கூடக் கிடைக்காது.

கூட்டம் சிரித்தது. சமீபத்தில் ஈரல் தின்றவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. பட்டக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"இவ கேக்கறது நாயந்தான். ஏனுங்க வாத்தியாரே, பள்ளிக்கூடம் ஊரெல்லைக்கு வெளியதானுங்களே இருக்குது?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன? அங்கியே முழுங்கிட்டு வரட்டும். ஊருக்குள்ள வராததுக்கு ஏது பங்கு?"

கம்பவுண்டர் பாதி எழுந்தார். "வெறும் வயித்துல முழுங்குனா கக்கிப்போடுமுங்க."

"சோத்தையும் அங்கியே ஆக்கச் சொன்னா ஆச்சு" என்றார் பட்டக்காரர்.

மறுநாளே கோயில் அண்டா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. முறை வைத்து வீட்டுக்கு வீடு சாமையும் அவரைப் பருப்பும் கொடுத்தார்கள். பெண்கள் மாறி மாறி வந்து ஆக்கினார்கள். வாழைக்காய் வாங்க வரும் அடிவாரத்துக் குடியானவர்கள் பொதிமாட்டின் மேல் உப்பும் மிளகாயும் போட்டு அனுப்பினார்கள். கம்பவுண்டர் மாத்திரை டப்பாவை வாத்தியாரிடம் விட்டுப் போனார். வரும்போது சிரங்குக்கு மஞ்சள் களிம்பும் கொண்டுவந்தார். களிம்பு தடவின பிள்ளைகள் மஞ்சள் பூசின கல்யாணப் பெண்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் சோறு தின்றதும் வரிசையில் நிற்போம். முழுங்கினபின் நாக்கை நீட்டி வாத்தியாரிடம் காட்ட வேண்டும். யார் மூஞ்சி கோணாமல் முழுங்குவது என்று எங்களுக்குள் போட்டி. நான் ஒருநாளும் ஜெயிக்கவில்லை. அந்தக் கசப்பை இப்போது நினைத்தாலும் மூஞ்சி கோணுகிறது, சிரிப்பும் வருகிறது.

காட்டில் கூட இருந்தவர்களுக்கு ஈரல் உண்டு என்பதும் அதே சட்டம்தான். அப்படியானால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களுக்கும் சோறும் மாத்திரையும் உண்டு என்று பெண்களுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. மத்தியானமானால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடப் பக்கமே தலைகாட்டாத பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். அண்டா பத்தவில்லை, இன்னொன்று வந்தது. அவர்கள் எல்லாம் படித்தார்களா என்று கேட்காதீர்கள். தின்றார்கள். அவ்வளவு சத்தமும் சிரிப்புமாக ஒரு பள்ளிக்கூடத்தை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

ஒரு சந்தை நாளில் பட்டக்காரரே வரிசையில் வந்து நின்று நாக்கை நீட்டினார்.

"நீங்க எந்த வகுப்புங்க?" என்றார் கம்பவுண்டர்.

"வேட்டைக்கு வந்திருக்கறனே, குடுங்க."

அடுத்த வாரம் கம்பவுண்டர் பெரிய டப்பாவாகக் கொண்டுவந்தார்.

தினை முற்றிக் கிளிகள் இறங்கத் தொடங்கின. ஒரு நாள் மத்தியானம் அப்பன் கையில் தகரத்தோடு வந்து நின்றார். அன்று காலையில் தூறலில் நனைந்திருந்தேன். எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"குளுரு வந்துடுச்சா?"

"நனைஞ்சா யாருக்கும் நடுங்கும்!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கே பயம்தான்.

அப்பன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். குளிருக்குப் பிறகு சூடு வரும், வந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். சோறு போட்டார்கள், தின்றார். வாத்தியார் பாடம் நடத்தினார். அப்பனும் கேட்டார்.

"வந்ததுக்கு நீங்களும் ஒரு எழுத்துச் சொல்லுங்களே" என்றார் வாத்தியார்.

"எழுத்து இருக்கட்டுமுங்க. காய்ச்சல் எப்ப வருமுன்னு சொல்லுங்க."

வரவில்லை. பொழுது சாயும்வரை என் நெற்றியை அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் தோலே தேய்ந்திருக்கும். ஒரு நாள் விட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார். அன்றும் வரவில்லை. விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். கட்டி சுருங்கியிருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு தகரத்தை எடுத்தார்.

"கிளிய நான் ஓட்டிக்கறேன். நீ ஒழுங்காப் படி."

நன்றாக ஓட்டினார். பரணில் ஏறினதும் காற்று சுகமாக அடிக்கும், அப்பன் தூங்கிவிடுவார். அந்த வருடம் பாதித் தினை கிளிக்குத்தான் போயிற்று. அம்மா அறுவடை முடியும்வரை அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் காலையில் எழுந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்.