ஏழு வரை வெட்டலாம்

என் கணவருக்கு இரண்டே பொழுதுபோக்கு. ஒன்று எண்கள், இன்னொன்று நான் சொல்வதில் தப்புக் கண்டுபிடிப்பது. கீரனூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இரண்டையும் சேர்த்தே செய்வார். என் பள்ளிக்கூடமும் அதே வழியில்தான். நான் கணக்கு டீச்சர் என்பதால் என்னை மடக்குவதில் அவருக்குத் தனி ருசி.

எங்கள் செல்ல எண் 7,39,39,133. பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதன் கடைசி இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் பகா எண்தான். மறுபடி வெட்டினாலும் அப்படியே, ஏழு வரைக்கும். வாலை நீட்டப் பார்த்தால் மட்டும், எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் கெட்டுப்போகும். ஆளுக்கொரு வெட்டாகச் சொல்லிக்கொண்டே போவோம். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்து உட்காருவார்கள்.

இந்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் விழித்தார், ஆனால் பேச்சில்லை. என்னை அடையாளம் தெரிந்த மாதிரியும் இல்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கம்மா. அவருக்குப் பழக்கமானதாப் பேசுங்க. எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

மகளைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். அசைவில்லை. வேறு வழி தெரியாமல் எண்ணை எடுத்தேன்.

“ஏழு கோடியே முப்பத்தொம்பது லட்சத்தி முப்பத்தொம்பதாயிரத்தி நூத்தி முப்பத்து மூணு. அடுத்து நீங்க சொல்லுங்க.”

நானே வெட்டினேன், 73,93,913. காத்திருந்தேன். 7,39,391. காத்திருந்தேன். 73,939.

அப்போதுதான் பயம் பிடித்தது. எண் சுருங்கிக்கொண்டே வந்தது. ஏழு வந்துவிட்டால் அப்புறம் வெட்ட எதுவும் இல்லை. அதற்குள் அவர் வாய் திறக்கவில்லையென்றால், உள்ளே யாரும் இல்லை என்றுதானே ஆகும்? ஆரம்பித்திருக்கவே கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன். நிறுத்தவும் தைரியம் இல்லை. நாக்கு தானாக எதையோ சொன்னது.

“ஏழாயிரத்தி முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு.”

அவர் கண் ஃபேனை விட்டு இறங்கியது.

“தப்பு.”

குழறல்தான். ஆனால் காதில் விழுந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பத்தொம்பதால... போகும்.”

மருந்துச் சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது முறை முந்நூற்று எண்பத்தொன்பது, 7,391. மீதியே இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்த எந்தத் தப்புக்கும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“ஆமாங்க, தப்புத்தான். ஏழாயிரத்தி முந்நூத்தித் தொண்ணூத்தி மூணு” என்றேன்.

கோணிய வாய் மெல்ல அசைந்தது.

“எழுநூத்தி... முப்பத்தொம்பது.”

அது அவருடைய முறைதான்.