ஊருக்குத் தெரியாத துடக்கு

எகிப்திய அரசனைக் கொன்றவன் நான்தான். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சனம் நிறைந்திருக்க அதை ஒப்புக்கொண்டேன். என் மனைவி பழைய யன்னல் திரைச்சீலையை வெட்டித் தைத்த பொன்னிற அங்கி உடம்பில். நாடியில் நூலால் கட்டிய தாடி. அந்தத் தாடி பிடரியை அறுத்த அறுவை இன்னும் மறக்கவில்லை.

நாடகத்தை எழுதியவர் ஒரு மட்டக்களப்புப் பெண். வோபர்னில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அறுபதை நெருங்கும் வயது. இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் நாடகம் போட்டால் மாமியார் மருமகள் சண்டை, இல்லாவிட்டால் பனிக்குளிரில் ஒருவர் ஊரை நினைத்து அழுவது. இவர் நைல் நதிக்கரை அரண்மனையில் ஒரு கொலையை வைத்தார். கொன்றது யார் என்று கடைசிக் காட்சிவரை சொல்லமாட்டார். சும்மா சொல்லக்கூடாது, முதல் வாசிப்பிலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார்.

கதை இதுதான். அரசனை அவன் தம்பியே ஆற்றில் படகில் வைத்து நஞ்சூட்டிக் கொல்கிறான். செய்தி அரண்மனைக்கு வருவது மறுநாள். இடைப்பட்ட மாலையில் கோயிலில் பூசை. எந்த நாளும் முதல் ஆளாக உள்ளே போகிற தம்பி, அன்றைக்கு மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறான். கொலைகாரன்தான், ஆனால் சரியான பக்திமான். அண்ணன் செத்த துடக்கோடு, அந்தத் தீட்டோடு, சாமிக்கு முன்னால் போக அவனுக்கு மனம் வரவில்லை. அதை வைத்துத்தான் அரசி அவனைப் பிடிக்கிறாள்.

இந்த இடத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"தங்கச்சி, என்ன விசர்க்கதை இது? எகிப்தியன் எங்கை துடக்குக் காத்தவன்? பிரேதத்தை மாதக்கணக்கிலை பதப்படுத்தி வைச்சிருக்கிற சனத்துக்கு துடக்கு எப்ப கழியிறது? எட்டாம் நாள் எட்டுச்செலவு எப்ப, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எப்ப?"

கனடாவில் பிறந்த என் மகளும் சேர்ந்துகொண்டாள். "அப்பா சொல்றது கரெக்ட் அன்ரி. தட்ஸ் நாட் ஈவன் எகிப்ஷன்."

அவர் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அண்ணன், நாடகம் பாக்க எகிப்தியரா வரப்போறாங்க? நம்மட சனம்தானே. கோயில் வாசலில ஒருத்தர் செருப்புக் கழட்டாம நிண்டா, என்ன ஏது எண்டு கேக்காமலே விளங்கிற சனம் வேற எங்க இருக்கு? எழுதினத மாத்தமாட்டன்."

அவர் சொன்னது சரி. எகிப்து பிழையாய்ப் போனால் போகட்டும், கொலைகாரன் பிடிபட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த மனுசியின் மூளைமேல் எனக்கு ஒரு மரியாதை.

அரசியாக நடித்ததும் அவர்தான். மார்க்கம் நகரில் என் வீட்டு பேஸ்மென்ற்றில், பனிக்காலம் முழுக்க ஒத்திகை. அரசனின் படைவீரர்கள் சப்பாத்துப் பனியை வாசலில் தட்டிவிட்டு, ஹீற்றருக்குக் கிட்ட ஈட்டியோடு நின்று கை காய்ச்சுவார்கள். அவர் மட்டும் வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு நேரே நின்று வசனத்தைத் தொடங்குவார். ஒருநாளும் தாளைப் பார்த்ததில்லை. கடைசிக் காட்சி எங்கள் இருவருக்கும் இடையில்.

"நேற்று மாலை வாசலில் ஏன் நின்றீர்?" என்று அரசி கேட்பாள்.

"காலில் வலி," என்பேன்.

"அரண்மனையிலிருந்து வாசல்வரை நடந்துவந்த கால், இன்னும் ஓரடி வைக்க மட்டும் வலித்ததா? ஊருக்கே தெரியாத துடக்கு உமக்கு மட்டும் எப்படி வந்தது?"

ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர் கூச்செறியும். பிறகு அவள் கேட்பாள்: "அண்ணன் இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படி எங்களோடு இருந்து சிரித்தீர்?" அதற்கு நான் உதட்டைச் சுழித்து, "அது எளிது, அரசியே," என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வரிக்காகவே சனம் என்னைக் கல்லால் எறியவேண்டும் என்று சொல்லித்தந்தார். நானும் கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டைச் சுழித்துச் சுழித்துப் பழகினேன். மனைவிக்கு என்னைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது.

மேடையேறும் நாளும் வந்தது. எங்கள் வழக்கப்படி காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம், நாடகத்தின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்ய. வாசலில் பூட்ஸ்கள் குவிந்து கிடந்தன. எல்லோரும் கழற்றிவிட்டு உள்ளே போக, அவர் மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"கால் நோகுது. நீங்க போய்ட்டு வாங்க," என்று மற்றவர்களை அனுப்பினார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர்களும் மேடைப் பதற்றம் என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

என் வாய் சும்மா கிடக்குமா? அரசியின் குரலில், ஒரு கையை இடுப்பில் வைத்து, "ஊருக்கே தெரியாத துடக்கு உமக்கு மட்டும் எப்படி வந்தது?" என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. கண் நிரம்பிவிட்டது.

"காலமை என்ட அண்ணன் போயிட்டார்," என்றார். "ஊரில நித்திரையிலேயே. தங்கச்சி போன் எடுத்துச் சொன்னா. நாளைக்கு எடுக்கிறாங்களாம். இனி பிளேன் ஏறினாலும் முகம் பாக்க ஏலாது."

அடக் கடவுளே. வாயைக் கொடுத்து இப்படியும் ஒருவன் மாட்டுப்படுவானா!

"பிள்ளை, நாடகத்தை நிப்பாட்டுவம். நான் உள்ளுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

என் கோட்டுக் கையைப் பிடித்துவிட்டார். "சொல்லாதீங்க. சொன்னா உடனே எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டு அழுவாங்க. மறுகா ஆரு நடிக்கிற? அந்த வசனம் வேற ஒருத்தருக்கும் பாடமில்ல. ஒரு குளிர்காலம் முழுக்க எல்லாரும் மினக்கெட்டாங்க. அண்ணனுக்குத்தான் முழுக்கதையும் போனில வாசிச்சுக் காட்டினன். கொலைகாரன் ஆரு எண்டு முதல்ல கண்டுபிடிச்ச ஆள் அவர்தான். மேடையேத்தாம விட்டா அவருக்கே கோபம் வரும். நாடகம் முடியும்வரை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, அண்ணன். பிறகு நான் அழுவன்."

ஓம் என்றேன். அவரை விட்டுவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டேன். என்ன கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

மண்டபத்தில் அவரைப் பார்த்தவர்கள் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது. படைவீரருக்குக் கண்மை தீட்டினார். சிப்ஸ் தின்று அங்கியில் எண்ணெய் பூசிய மந்திரியை ஏசினார். வாயிலில் வந்தவர்களை வரவேற்றுச் சிரித்தார். கொலைகாரனாக நடிக்கப் போகிற நான் ஒரு மூலையில் குந்தியிருக்க, துக்கத்தைச் சுமந்த மனுசி ஓடியாடித் திரிந்தார். அப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் மறந்துபோனோம். எங்கள் நிகழ்ச்சி எதுவும் விளக்கேற்றாமல் தொடங்காது.

"மங்கள விளக்கின் முதல் திரியை ஏற்றிவைக்க நாடக ஆசிரியரை மேடைக்கு அழைக்கிறோம்," என்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் சொன்னார்.

திரைக்குப் பின்னால் அவர் என் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் முதன்முறையாக அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன். துடக்கோடு விளக்கேற்ற அவருக்குக் கை வராது. மாட்டேன் என்றால் முன்வரிசையில் இருக்கிற அன்ரிமாருக்கு அடுத்த நொடியே விளங்கிவிடும். அவர் எழுதியதே அதைத்தானே.

யோசிக்க நேரமில்லை. தாடியும் அங்கியுமாக மேடைக்கு ஓடினேன். அறிவிப்பாளர் நீட்டிய மெழுகுதிரியைப் பறிக்காத குறையாக வாங்கினேன்.

"அரசிக்கு இன்னும் முடி ஒட்டி முடியேல்லை," என்றேன். "அதாலை கொலை..." என்று வாய் போய்விட்டது. நல்லகாலம், நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அதாலை கொழுந்தன் வந்திருக்கிறன்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரியை ஏற்றினேன். திரும்பி வந்தபோது அவர் கோணிப்போயிருந்த என் தாடியை நேராக்கிவிட்டார்.

நாடகம் தொடங்கியது. அரசன் செத்தான். செய்தி வந்தது. கணவனின் உடலுக்கு முன்னால் அரசி அழாமல் நின்று கேள்வி கேட்கத் தொடங்கியபோது மண்டபத்தில் ஒரு குழந்தையின் சத்தம்கூட இல்லை. அவர் ஒரு சொல்லைத் தவறவிடவில்லை. ஒரு இடத்திலும் குரல் தளும்பவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

கடைசிக் காட்சி. "நேற்று மாலை வாசலில் ஏன் நின்றீர்?"

"காலில் வலி."

சொல்லும்போதே காலையில் அவர் சொன்னது காதில் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். ஓரடி என் பக்கமாக வந்தார். துடக்கு வசனத்தைச் சொன்னவுடன் சபை "ஓ!" என்றது. முன்வரிசை அன்ரி ஒருவர் தொடையில் தட்டி, "அதுதானே பாத்தன்!" என்று சத்தமாகவே சொன்னார். எகிப்தாவது மண்ணாங்கட்டியாவது, எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அண்ணன் இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படி எங்களோடு இருந்து சிரித்தீர்?"

நான் உதட்டைச் சுழிக்கவேண்டும். எளிது என்று சொல்லவேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகிய வரி. அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் ஏலாமல் போய்விட்டது.

"அது எளிதில்லை, அரசியே," என்றேன்.

அவருடைய அடுத்த வரி என்னை முதலைகளுக்குப் போடச்சொல்லும் தண்டனை. அது வரவில்லை. தீட்டிய கண்மை கரைந்து இரண்டு கன்னத்திலும் வழிந்தது. என்ன நடிப்பு என்று நினைத்துச் சபை எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் அவர் வாய்விட்டு அழுதார். யாருக்கும் தெரியவில்லை. பிறகு முகத்தை நிமிர்த்தி, என்னை முதலைகளுக்குப் போடச் சொன்னார்.

திரை விழுந்ததும் அரசியின் பொய்முடியைக் கழற்றி என் கையில் தந்தார்.

"வசனத்த மாத்திப்போட்டீங்க, அண்ணன்."

"ஓம்," என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இல்ல, அப்படியே இருக்கட்டும்," என்றார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, ஊரில் விடிந்ததும் அண்ணனை எடுப்பதைப் போனில் பார்க்க வீட்டுக்குப் போனார்.