சம்பந்தியைப் பொய்யர் என்று எழுதுவது எப்படி?

நாலாவது பாராவை நாங்கள் மறுக்கவில்லை. அதனால் ஒருத்தர் வயல் ஏலத்துக்குப் போக இருந்தது. சிவில் வழக்கில் வக்கீல் வாய் கிழியப் பேசலாம், ஜட்ஜ் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் பார்ப்பார். கோர்ட் படி ஏறி இறங்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் யார் என்று தெரிந்தது

திருவிடைமருதூர் பக்கம் ஓர் அரிசி ஆலை. கலியபெருமாளும் குணசேகரனும் கூட்டு. குணசேகரன் தன் பெயரில் மட்டும் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கினார். ஆலையின் பெயர் அதில் இல்லை. திருப்பித் தரவில்லை, அவரிடம் பிடுங்க ஒன்றும் இல்லை. கடன் கொடுத்த தங்கராசு, ஆலைமேலும் இருவர்மேலும் வழக்குப் போட்டார். ஆலைக்காக வாங்கியது, இருவர் கையிலும் கொடுத்தேன் என்பது அவர் பிராதில், அதாவது வழக்கு மனுவில், நாலாவது பாரா.

என் கட்சிக்காரர் கலியபெருமாள் ஒரு காசு பார்க்கவில்லை. தோற்றால் அவருடைய ஆற்றங்கரை வயல் போகும். "பொய்யுன்னு எழுதிடுவோம்" என்றேன். மனிதர் நெளிந்தார்.

"தங்கராசு எங்க சம்பந்திங்க. அவரு பொண்ணுதான் எங்க வீட்டு மருமவ."

பெண் வாழும் வீட்டு வயலுக்கா வழக்கு?

நடுப் பக்கம்

எதிரி சொன்னதை ஒவ்வொன்றாக, நேராக மறுக்க வேண்டும். மழுப்பினால் ஒப்புக்கொண்ட மாதிரி. விதி இவ்வளவுதான். அப்படித்தான் எதிருரை எழுதி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கலியபெருமாளையே டைப் அடிக்கும் கடையிலிருந்து வாங்கித் தாக்கல் செய்யச் சொன்னேன்.

விசாரணைக்கு முன் வழக்குக் கட்டைப் புரட்டினால் நடுப் பக்கம் நான் எழுதியதில்லை. 'நாலாவது பாரா பற்றி எதிர்வாதிக்குத் தெரியாது. சம்பந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.' கலியபெருமாள் கடையிலேயே மாற்ற வைத்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"வளைகாப்புல ஒரே பந்தியில உக்காரணுங்க. பொய்யன்னு எழுதிட்டு எப்படி மூஞ்சியப் பாக்குறது?"

காபிக் கடை

திருத்த மனு போடலாம் என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். எதிர்த் தரப்பு வக்கீல் காபிக் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இப்படி நாலு கட்சிக்காரங்க எதிர்ல இருந்தா, நான் வாதாடவே வேணாம்."

ஒரு இலை

மறுநாள் கலியபெருமாள் வந்தார். கூடவே மருமகள் சங்கீதா, நிறைமாத வயிற்றோடு.

"மாமா கையெழுத்துப் போடுவாங்க சார். மனுவக் குடுங்க."

"உங்கப்பா சொன்னது பொய்யுன்னு எழுதியிருக்கும்மா."

"பொய்தான். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுலதான் பணம் குடுத்தாங்க. காபி கொண்டாந்தது நான். குணசேகரன் மட்டும்தான் இருந்தாரு. தன் வீட்டுக்கு மாடி கட்டணும்னு வாங்கிட்டுப் போனாரு. கூண்டுல ஏறியும் சொல்றேன்."

மனுவை நீட்டினேன். கலியபெருமாள் தரையைப் பார்த்தபடி, "வளைகாப்பு என்னம்மா ஆவுறது?" என்றார்.

"அப்பா வந்தா வரட்டும் மாமா. வரலைன்னா ஒரு இலை மிச்சம்."

திருத்தத்தைக் கோர்ட் அனுமதித்தது. மகள் சாட்சி என்று தெரிந்ததும் தங்கராசு, ஆலையையும் சம்பந்தியையும் வழக்கிலிருந்து விட்டுவிட்டார்.

மறுப்பு எழுதும் விதியெல்லாம் எனக்கு மனப்பாடம், மறுத்து வயலை மீட்டது சங்கீதா.