அண்ணனுக்குக் கொடுத்த ரம்பம்

காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு, இன்றைக்கு யாருக்கு என்ன அடிபடலாம் என்று பேசுவோம். ஒருவர், சரிவில் ஈரமிருக்கிறது, கால் வழுக்கலாம் என்பார். இன்னொருவர், நனைந்த பலகையில் ரம்பம் எகிறலாம் என்பார். இதற்கு டூல்பாக்ஸ் டாக் என்று பெயர். கடல் தாண்டி வந்து வெலிங்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்துத் திறந்துவிட்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் லீனா மட்டும் குனிந்து பெட்டியை மெதுவாக மூடினாள். அதைவிட எனக்கு விநோதமாக இருந்தது அவர்கள் பேசிய பேச்சுதான். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டில், வெளியே கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கக் கூடாது. விரல் போகும், கண் போகும் என்று விடிந்ததும் விடியாததுமாக ஒருத்தி சொன்னால் அம்மா அவளை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

என் கணவர் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறார். அவரோடு வந்த நான் பி.காம். படித்தவள். இங்கே சில காலம் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கினேன். பிறகு, வீடுகளுக்குப் பின்னால் மரப்பலகையால் தளம் போட்டுத் தரும் இந்த நிறுவனத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அலுவலக வேலை என்று நினைத்துப் போனேன். கணக்குப் பார்க்கவா என்று கேட்டதற்கு, வெட்டப் பழகுகிறாயா என்றார்கள். இப்படித்தான், ஊரில் தேங்காய் உடைக்கவே அண்ணனைக் கூப்பிட்ட நான், பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

முதலில் அதைக் கண்டால் பயம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டுவேன். அரை நாளில் தோள்பட்டை கல்லாகிவிடும். லீனா என் வயதுக்காரி. அவளுடைய பெற்றோர் சமோவாத் தீவிலிருந்து வந்தவர்கள். அவள் அருகில் நின்று சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். இரண்டு கையாலும் பிடி, ஆனால் தள்ளாதே. பிளேடு தன் வேகத்தில் போகட்டும். வெட்டுக் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காதே. ரம்பம் திரும்பி வந்தால் உன் மேல்தான் வரும், அதனால் ஒரு ஓரமாக நில். பலகையின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் பிளேடு கீழே இறங்க வேண்டும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடு. வெட்டி விழும் துண்டு விழ இடம் விடு. இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், பலகை தொய்ந்து வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிடும். பிளேடு மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்று. இவற்றோடு இன்னொன்றும் சொன்னாள். ஒருவர் அறுத்துக்கொண்டிருக்கும்போது அவரைக் கூப்பிடக் கூடாது. அவர் கண்ணில் படும்படி எதிரே போய் நின்று, பிளேடு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கடைப்பிடித்த பிறகு தோள்வலி போய்விட்டது. பயம் போன இடத்தில் ஒரு சுகம் வந்தது. புதுப் பலகையின் வாசனையும், நேராக விழும் வெட்டும் எனக்குப் பிடித்துப்போயின.

அந்தச் சுகத்தைத்தான் நான் என் அண்ணனுக்குக் கொடுக்க நினைத்தேன். அண்ணன் பெயர் பாண்டி. நிலத்தில் தண்ணீர் இல்லாமல் போனதிலிருந்து மரவேலைக்குப் போகிறான். காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறுவான். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதன் தட்டுகள், தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயத்து வீடுகளின் கதவு, கூரைச் சட்டம் எல்லாம் அவன் கைவேலை. மேலே காற்றடித்தால் கரண்ட் போய்விடும், பிறகு கைரம்பம்தான். ஒருநாள் வீடியோ அழைப்பில் நான் வேலை செய்வதைக் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

"வயரே இல்லையா பாப்பா?" என்றான்.

"பேட்டரிண்ணே."

"நான் இங்கன தோளு கழண்டு கெடக்கேன். நீ பஞ்சுமிட்டாய வெட்டுற மாதிரி வெட்டுற" என்று சிரித்தான்.

அடுத்த விடுமுறையில் ஒரு ரம்பம் வாங்கிக்கொண்டு போனேன். பேட்டரியைக் கைப்பையில் வைத்து, விமான நிலையத்தில் அதற்கு விளக்கமும் சொல்லிக் கொண்டுசேர்த்தேன். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கினேன். கிளாம்ப் இரண்டு வாங்கி, கடைசி நேரத்தில் எடை கூடுகிறது என்று வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அந்த இடத்தில் சொந்தக்காரர்களுக்கான சாக்லேட் பைகள் போயின. புலம்பெயர்ந்த நாம் எல்லோரும் ஊருக்குப் பெட்டி கட்டும்போது இப்படித்தான் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்கிறோம். எதை எடுத்தோம் என்பது பிறகுதான் தெரிகிறது.

வீட்டு முன்வாசலில் வைத்து அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். லீனா சொன்ன எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவன் கேட்டான், கையும் சீக்கிரம் படிந்தது. ஆனால் அவன் கேட்ட விதத்தில் ஒரு தங்கச்சி ஆசையாகப் பேசுகிறாள் என்ற பிரியம்தான் இருந்தது. மதினி ரம்பத்துக்குச் சந்தனப்பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். நல்ல காரியம் தொடங்கும்போது விரலைப் பற்றியும் தொடையைப் பற்றியும் நான் பேசிக்கொண்டே இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "போதும் தாயி, அவரு பாத்துக்கிருவாரு" என்றாள். நானும் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணனோடு நானும் ஜீப்பில் ஏறினேன். வளைவு வளைவாக ஏறி, மாநில எல்லையிலுள்ள போடிமெட்டுச் சோதனைச் சாவடி தாண்டியதும் காற்று மாறியது. தோட்டத்தில் ஸ்டோருக்குப் புதுத் தட்டுகள் போட வேண்டியிருந்தது. காற்றில் கரண்ட் இல்லை. அண்ணன் ரம்பத்தை வெளியே எடுத்ததும், காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். தோட்டத்துச் சூப்பர்வைசர், பேபிச்சேட்டன் என்ற மலையாளி, "இது கொள்ளாமல்லோ பாண்டி" என்று மெச்சினார்.

"எந்தங்கச்சி கொண்டாந்தது" என்று அண்ணன் என்னைக் காட்டினான். அன்றைக்கு நான் நடந்த நடை எனக்கே நினைவிருக்கிறது.

முற்பகலில் டீ வாங்கிவரப் போனேன். திரும்பி வந்து ஸ்டோர் வாசலில் நின்றபோது அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தான். பலகையின் இரண்டு முனைகளும் இரண்டு பலகை அடுக்குகளின் மேல் இருந்தன. அவன் நடுவில் அறுத்துக்கொண்டிருந்தான். இடது காலைத் தூக்கிப் பலகையின் மேல் வைத்து, இடது கையை முழங்காலில் ஊன்றியிருந்தான். ரம்பம் ஒற்றைக் கையில் இருந்தது. பிளேடின் கீழ்ப்பாதியை மூடும் தகடு ஒன்று உண்டு. மரத்தில் ஏறும்போது விலகி, வெட்டி முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். அந்தத் தகட்டைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருந்தான். மெல்லிய சட்டங்களில் அது தட்டிக்கொண்டே இருந்ததால் கட்டினேன் என்று பிற்பாடு சொன்னான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நொடியில் எங்கே போனது என்று தெரியவில்லை. எதிரே போய் நிற்கவில்லை. காத்திருக்கவில்லை.

"அண்ணே" என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வியதும், ரம்பம் பின்னால் எகிறியதும் ஒன்றாக நடந்தன. ரம்பம் தரையில் கிடந்தது. முழங்காலில் இருந்த இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு, ஏதோ யோசிப்பவன்போல நின்றான். பிறகுதான் ரத்தம் வந்தது. பேபிச்சேட்டன் தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றினார். ஜீப்பில் மலையிறங்கும்போது அண்ணன் என் தோளில் சாய்ந்துகொண்டு, "டீயக் கொட்டிட்டியா பாப்பா?" என்று கேட்டான்.

கை தப்பியது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போகும் நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். போடியில் கட்டுப் போட்டு, மதுரையில் தைத்தார்கள். அந்த இரண்டு விரல்களும் இனி முழுதாக மடங்காது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். "நான் கூப்பிட்டிருக்கக் கூடாதுண்ணே."

"நீ கூப்பிட்டதுனாலதான் நான் ஒதுங்குனேன்" என்றான். "இல்லேன்னா தொடையில எறங்கியிருக்கும். கேட்டுப் பாரு டாக்டருகிட்ட."

"நெசமா ஒதுங்குனியா?"

"ஒதுங்குனேன்ங்கிறேன்ல. விடு."

அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கே தெரியுமா என்றும் தெரியாது. மதினி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவளோ வீட்டுக்குப் போனதும் எனக்குத் தட்டில் சோறு போட்டு, குழம்பில் கிடந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்துவைத்தாள். "நீ நல்லதுக்குத்தான தாயி கொண்டாந்த. சாப்பிடு" என்றாள். அண்ணனின் கட்டுப் பிரிப்பதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது. ஒரு கையில் கட்டோடு அவன் என்னை வழியனுப்ப மதுரைக்கு வந்தான். விமான நிலைய வாசலில், "நானும் தெனம் இன்னொரு ஸ்டேட்டுக்குப் போறவந்தான். ஆனா சாயங்காலம் எறங்கிருறேன். நீ போனா எறங்க மாட்டேங்கிற" என்றான். நான் சிரிக்க முயன்றேன்.

திரும்பி வந்த வாரத்தில், வட்டமாக நிற்கும்போது லீனா பொதுவாகக் கேட்டாள், யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. நான் கையைத் தூக்கினேன். எங்கள் ஊரில் ஒருவர் இப்படி இப்படிச் செய்தார் என்று சொன்னேன். என் அண்ணன் என்று சொல்லவில்லை. மூடித் தகட்டைக் கட்டியதையும், இரண்டு முனையில் முட்டுக் கொடுத்ததையும், ஒற்றைக் கையால் பிடித்ததையும் சொன்னேன். அந்தச் சமயத்தில் அவருடைய தங்கை பின்னாலிருந்து கூப்பிட்டாள் என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னோடு பலகை தூக்கும் டேனியல் என்ற இளைஞன், "பாவம், அந்தத் தங்கைக்கு எப்படி இருக்கும்" என்றான்.

நான் எங்கள் ஊர் வழக்கப்படி, ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவன் அதை எனக்குத் தெரியாது என்ற பதிலாக எடுத்துக்கொண்டான். "நல்ல பாடம், நன்றி" என்றாள் லீனா. வேலை தொடங்கியது.

இங்கே எனக்கு அடிபட்டால் வேலை நிற்கும், ஆட்கள் வருவார்கள், ஏன் நடந்தது என்று ஆராய்வார்கள், வீட்டிலிருக்கும் நாட்களுக்கும் சம்பளத்தில் பெரும்பங்கு வரும். அண்ணனுக்கு அடிபட்டபோது ஆராய வந்தவர் யாருமில்லை. அந்த வேலையை நான் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன். கையுறையைக் கழற்றும்போதெல்லாம் என் பத்து விரல்களும் மடங்கி விரிவதைப் பார்க்கிறேன். இவற்றை இப்படிக் காப்பாற்றிக் கொடுத்த பாடம் முழுவதையும் நான் ஊருக்கு எடுத்துப் போனேன். ஆனால் கொடுத்தது கருவியைத்தான். கிளாம்புகளைப் பிற்பாடு தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது, உபயோகமா இருக்கு என்று அண்ணன் செய்தி அனுப்பினான். தகட்டைக் கட்டிய கம்பியை மதினியே அறுத்துப் போட்டுவிட்டாளாம்.

அவன் மறுபடி மலையேறுகிறான். அதே ரம்பம்தான். நேற்று எங்கள் பிற்பகல் இடைவேளையில், பாதி முடிந்த தளத்தின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே காலை. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்தபடி அண்ணன் வீடியோவில் வந்தான்.

"மெட்டு வந்துருச்சு பாப்பா. இங்க பாரு" என்று போனைத் திருப்பினான். ஒரு பக்கம் கீழே போடியும் வயல்களும் வெயிலில் கிடந்தன. மறுபக்கம் மஞ்சு மூடி ஒன்றும் தெரியவில்லை.

"கை எப்பிடிண்ணே இருக்கு?"

"கையிக்கென்ன" என்றவன், காட்டுவதற்காக இடது கையைத் திரைக்கு முன்னால் தூக்கினான். அதற்குள் ஜீப் மறுபக்கம் இறங்கி, சிக்னல் போய்விட்டது போலிருக்கிறது. படம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று விரல்கள் மடங்கியிருந்தன, இரண்டு நிமிர்ந்தே இருந்தன. முகம் பாதி தெரிந்தது. குரல் வரவில்லை.

லீனா கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கை காட்டினாள். இணைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. போனைப் பலகைமேல் நிமிர்த்தி வைத்தேன். அண்ணனின் கை என்னை வா என்கிறதா, நில் என்கிறதா என்று தெரியாத அந்த நிலையிலேயே இருக்க, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.