ஆடி கழியட்டும்

டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இருந்தவரை வீடு என்பதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. குழாய் ஒழுகினால் புகார் எழுதிப் போடுவோம், என்றைக்காவது ஆள் வருவான். என் வீட்டுக்காரர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஓய்வு பெறும் வருஷம் நெருங்கியபோதுதான், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. ஊருக்குத் திரும்ப இரண்டு பேருக்குமே இஷ்டமில்லை. ஜனக்புரி தாண்டி, மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிற ஒரு காலனியில் சின்ன மனை ஒன்று விலைக்கு வந்தது. பழைய ஒற்றைத்தள வீடு, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். பார்த்துவிட்டு வந்த அன்று அவர் மோர் சாதம் சாப்பிடாமலேயே எழுந்து போய், காகிதத்தில் கட்டம் போட்டு எந்த அறை எதற்கு என்று எழுதிக்கொண்டிருந்தார். பீரோ எந்தச் சுவரோரம் என்பதுகூட அன்றே முடிவாகிவிட்டது.

விற்பதாக இருந்தவர் ஒரு பஞ்சாபி. துணிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். எங்களுக்கு லஸ்ஸி கொடுத்து, ஊரைப் பற்றியெல்லாம் விசாரித்தார். டெல்லியில் அச்சாரத்துக்குப் பயானா என்று பெயர். அதைக் கொடுத்து ஒப்பந்தம் எழுத, என் வீட்டுக்காரர் வைகாசியில் ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்துக் குறித்தார். மிச்சப் பணத்தைக் கொடுத்துப் பத்திரம் பதிய வேண்டிய கடைசி நாளை மட்டும் புரோக்கர் இங்கிலீஷ் தேதியாக டைப் அடித்திருந்தான். தமிழில் அது என்ன மாசம் என்று யாரும் பார்க்கவில்லை. ராகு காலம் பார்த்துச் செருப்பு வாங்குகிற மனிதர், அந்த ஒரு தேதியைக் கோட்டை விட்டார்.

எங்கள் சமையலறையில் தேதி கிழிக்கிற தமிழ்க் காலண்டர் ஒன்று எப்போதும் தொங்கும். கோவில் வாசலில் வருஷா வருஷம் வாங்குவது. ஒருநாள் காலையில் காபியோடு அதைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதிவு நாள் ஆடி மாசத்தில் வந்தது.

எனக்கு இந்த நாள் கிழமை எல்லாம் ஆகாது. டெல்லியில் பிறந்த நம் பெண்ணுக்கு ஆடி என்றால் தள்ளுபடி விற்பனை, அவ்வளவுதான், நீங்கள் மட்டும் ஏன் இன்னும் இப்படி இருக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் பஞ்சாபிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அது எங்களுக்குச் சாவன் மாசம், சிவனுக்கு உகந்தது, இதைவிட நல்ல மாசம் உண்டா என்றாராம். பிறகு, "கோயி பாத் நஹி ஜி," பரவாயில்லை, உங்கள் மாசம் முடியட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதை எழுதி வாங்குங்கள் என்றேன். பெரிய மனுஷர் வாயால் சொன்ன பிறகு எழுதிக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

"ஆடி கழியட்டும். நாம சாகற வரைக்கும் இருக்கப்போற வீடு. வேளை கெட்ட வேளையில அதுல கை வைக்க வேணாம்," என்றார். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

ஆவணி பிறந்தது. பஞ்சாபி போனை எடுக்கவில்லை. அந்தக் காலனி வழியாகப் புது மெட்ரோ வரப்போகிறது என்ற பேச்சு அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஒரு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. குறித்த நாளில் நீங்கள் வரவில்லை, ஒப்பந்தம் ரத்து. பதிவு நாளன்று பஞ்சாபி மட்டும் பதிவு அலுவலகத்துக்குப் போய், வந்திருந்ததற்கு அத்தாட்சியும் வாங்கி வைத்திருந்தார். படுபாவி. ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து கொடுக்க உத்தரவிடுங்கள் என்று நாங்கள் துவாரகா கோர்ட்டில் வழக்குப் போட்டோம். ஒப்பந்தம் இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் நானும் ஒரு வாதி.

எங்கள் வக்கீல் சின்ன வயசுக்காரர், எங்களை அங்கிள்ஜி, ஆன்ட்டிஜி என்று கூப்பிடுவார். இந்த மாதிரி வழக்கில் இரண்டு விஷயம் முக்கியம் என்று முதல் நாளே விளக்கினார். வாங்குகிறவர் தயாராக இருக்க வேண்டும், விருப்பத்தோடும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தீர்ப்பு வரை ஒருநாள்கூட விட்டுப்போகாமல். அதனால் மிச்சப் பணம் பாங்கில் அப்படியே கிடக்கட்டும், தொடாதீர்கள் என்றார். நாங்கள் தொடவில்லை. ஜனக்புரியில் வாடகைக்குப் பிடித்த மாடியில் சுவர் முழுக்க ஓதம் ஏறியது. என் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். வீடு வரட்டும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊரில் வாய்தா என்பதை இங்கே தாரீக் என்பார்கள். தாரீக் வரும், தயிர் சாதம் கட்டிக்கொண்டு போவோம், கூப்பிடுவார்கள், அடுத்த தாரீக் கொடுப்பார்கள், வருவோம். முதலில் அந்தப் பஞ்சாபியை வராந்தாவில் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்புறம் எப்போதோ அது நின்றுவிட்டது. ஒருநாள் அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார், நானும் உட்கார்ந்தேன். கால் வலி.

என் வீட்டுக்காரரைக் குறுக்கு விசாரணை செய்த நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. விற்பவர்தான் அவகாசம் கேட்டார் என்று சொல்லிவிடுங்கள் அங்கிள்ஜி, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எங்கள் வக்கீல் வாசலிலேயே பாடம் சொல்லி அனுப்பியிருந்தார். இவர் தலையை ஆட்டிக்கொண்டுதான் கூண்டில் ஏறினார். எதிர் வக்கீல், அன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார்.

"ஆடி மாசம் சார். நாங்க ஆடியில வீடு நிலம் பதிய மாட்டோம்," என்று இவர் ஹிந்தியில் சொன்னார்.

கோர்ட்டில் சிரிப்புச் சத்தம். எதிர் வக்கீல் நீதிபதியிடம், அது சாவன் மாசம், இந்த ஊருக்கே சுபமான மாசம் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, பணம் இருந்தது, ஆனால் அன்று வாங்க உங்களுக்கு விருப்பமில்லை, அப்படித்தானே என்று கேட்டார். இவர், விருப்பம் இருந்ததால்தான், என்று ஆரம்பித்தார். ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் அவர்.

தீர்ப்பு வந்தது. வாதிகளிடம் பணம் இருந்தது, ஆனால் குறித்த நாளில் வாங்கும் விருப்பம் இருந்ததாக நிரூபிக்கவில்லை. வீடு இல்லை, பயானா வட்டியோடு திரும்பக் கிடைக்கும். அழுகை வரும் என்று முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மத்தியானம் என்ன சமைப்பது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ரவா உப்புமா கிண்டினேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தது. அதற்குள் பஞ்சாபி வேறு ஆளைப் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. நாங்கள் உடனே தடை வாங்காவிட்டால் மனை கைமாறிவிடும். இன்றைக்கே வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று வக்கீல் கூப்பிட்டார். போனோம். அவர் அறையில் காகிதங்களை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. ஆடி வெள்ளி. முற்பகல். இவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்போது என்று எனக்கும் மனப்பாடம்.

எனக்கு அந்த வீடு வேண்டும். பீரோவை அந்தச் சுவரோரம் வைக்க வேண்டும்.

"என்னங்க, இப்ப ராகு காலம். கொஞ்ச நேரம் வெளியில ஒக்காந்துட்டு வந்து போடலாமே," என்று அவர் காதோரம் சொன்னேன். வக்கீலின் குமாஸ்தா, முன்ஷி என்பார்கள், கதவருகில் நின்று, ஜல்தி, மனு வாங்குகிற கவுண்டரை மூடிவிடுவார்கள் என்றான்.

"தெரியும்," என்றார். "ஆடின்னும் தெரியும். பேனாவைக் குடு."

கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் போட்டார். எதையும் படிக்கவில்லை. கடைசித் தாளை மட்டும் நான் படித்தேன். வாதிகள் அன்றும் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அவர் அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.