மாமா வளைத்த இடுப்பு

மாமா செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. இருந்தும் அவர் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனாயிற்றே என்பார்கள். ஆகட்டுமே.

நெய்வேலியில் அப்போது நாங்கள் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட, அதே சுரங்கத்தில் அப்பா கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பர்மனென்ட் ஆக வேண்டுமானால் மெடிக்கல் தேற வேண்டும். டாக்டர் முன்னால் முழுசாகக் குந்தி, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்வார்களாம். அப்பாவால் பாதிக்கு மேல் குந்த முடியாது. எப்போதோ மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததில் இடுப்பு இறுகிப்போயிருந்தது.

எதிர் குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிப் பக்கத்து டைப்பிஸ்ட் ஒருவர் இருந்தார். காலையில் வராந்தாவில் ஆசனம் போடுவார். பிள்ளைகளான எங்களுக்கு அது ஓசி சர்க்கஸ். அப்பா வெட்கத்தை விட்டு அவரிடம் போய்க் கேட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பாதங்களை ஒட்டவைத்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விட வேண்டும். அந்தரத்தில் நிற்கும் முழங்கால்களுக்குக் கீழே கம்பளியை மடித்துக் கொடுக்க வேண்டும். மூச்சை விட விட அதுவாக இறங்கும். கையால் அமுக்கக் கூடாது.

"இழுக்கிற மாதிரி இருந்தா இருக்கட்டும். குத்துச்சுன்னா அங்கயே நிப்பாட்டிரணும். ஒங்க இடுப்பு ஒங்களுக்குத்தான தெரியும்" என்றார்.

அப்பா ஒழுங்காகச் செய்தார். கம்பளியின் மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கட்டிலுக்கு அடியில் உருண்ட என் சோழியை எடுக்கப் போனவர், முக்கால்வாசி குந்திவிட்டதை அவரே கண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா தேறினால் வடலூருக்கு வருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மெடிக்கலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மாமா பட்டாளத்திலிருந்து வந்து, இங்கே காவல் வேலையில் பர்மனென்ட் ஆனவர். உலகத்தில் எதையும் விசில் ஊதியே சரிசெய்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் அப்பா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, நாளைக்கி மெடிக்கல வச்சிகினு மெத்த போட்டு ஒக்காந்துகினு இருக்க? பட்டாளத்துல ஒரே நாள்ல வளைச்சிடுவாங்க!"

கம்பளியை உருவி எறிந்தார். அவருடைய கம்பளிதான். எதிரே மண்டிபோட்டு, அப்பாவின் முழங்கால்களில் கைகளை ஊன்றி, "ஒன், டூ" என்று முழு எடையோடு அழுத்தினார். அப்பாவின் முகம் வேர்த்துக் கொட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். "வுடுங்க மாமா!" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வலிக்கிறது என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெட்டி முறித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது.

"பாத்தியா, தொறந்துகிச்சி" என்று மாமா கையைத் தட்டிக்கொண்டு குளிக்கப் போனார்.

மறுநாள் அப்பா விந்தி விந்தி மெடிக்கலுக்குப் போனார். பழைய பாதியளவுகூடக் குந்த முடியவில்லை. அன்ஃபிட் என்று அனுப்பிவிட்டார்கள்.

"நானும் எவ்ளோதான் பாடுபடறது? மாப்ளைக்கி ஒடம்புல தெம்பு இல்ல" என்றார் மாமா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீங்கதான் அமுக்கி ஒடச்சீங்க! எங்கப்பாவ நொண்டியாக்கனது நீங்கதான்!" என்று கத்தினேன்.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை.

"மாமா கால்ல வுழு."

விழுந்தேன். "சின்னப் பொண்ணு, வுடு மாப்ள. வா, வந்து சாப்புடு" என்றார் மாமா, பெரிய மனசு பண்ணி. அம்மா எங்களுக்கும் தட்டு வைத்தாள்.

மாமா மேல் இருந்ததைவிட அப்பா மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூடத் துணிவில்லாதவர், தன் வீரத்தை என்னிடம் காட்டுகிறார் என்று நினைத்தேன். வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை என்பதும், அதனால்தான் அவர் வலியையும் விழுங்கினார், என்னையும் அடித்தார் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.